விடை கொடுப்பவர்கள்: அயல்நாட்டு ஊழியத்துக்குப் புறப்படுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ச் சபைகளிலிருந்து அயல்நாட்டு ஊழியத்துக்குப் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருக்கும் சகோதர சகோதரிகளுக்கு,

பிரிவைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களுள் 'விடை' என்பது தனித்துக் கருதத்தக்கது. வினாவுக்குரிய மறுமொழியையும், ஓரிடத்தைவிட்டு நீங்குவதற்குரிய இசைவையும் அந்த ஒரே சொல் குறிக்கிறது. புறப்படுகிறவர் விடை பெறுகிறார், இருப்பவர் விடை கொடுக்கிறார் என்னும் வழக்கில், பிரிவு என்பது புறப்படுகிறவர் தாமாகவே செய்துமுடிக்கும் செயலன்று என்பதும், அது இருப்பவரின் கையிலிருந்து வந்து சேரவேண்டிய ஒன்று என்பதும் அடங்கியுள்ளன. மறுமொழி என்ற பொருளையும் சேர்த்துப் பார்த்தால், விடை வரவேண்டுமானால் அதற்கு முன் ஒரு வினா கேட்கப்பட்டிருக்க வேண்டும் என்பதும் விளங்கும்.

இம்மடல் அந்த வினாவைப் பற்றியது. புறப்பாட்டுக்கு முந்தைய மாதங்களில் விசாவுக்கும் தடுப்பூசிக்கும் மொழிப்பயிற்சிக்கும் ஜெபக் கடிதத்துக்கும் நாள் குறிக்கப்படுகிறது. ஆராதனையின் முடிவில் போதகரும் மூப்பர்களும் தலைமேல் கைவைத்து ஜெபிக்கும் அர்ப்பணிப்புக்கும் நாள் குறிக்கப்படுகிறது. தாயும் தந்தையும் தங்கையும் பாட்டியும் தங்கள் மனத்தில் உள்ளதைச் சொல்வதற்கு மட்டும் நாள் குறிக்கப்படுவதில்லை. அவர்கள் முன்வரிசையில் அமர்த்தப்படுகிறார்கள், பொன்னாடை போர்த்தப்படுகிறார்கள், பிள்ளையைக் கர்த்தருக்குக் கொடுத்தவர்கள் என்று பாராட்டப்படுகிறார்கள். கொடுத்தார்களா என்று எவரும் அவர்களைக் கேட்பதில்லை.

மறைப்பணி வரலாற்றில் 'அழைப்பு' என்னும் சொல், குறிப்பிட்ட பணிக்காகக் குறிப்பிட்ட மக்களிடம் செல்லுமாறு கடவுள் தம்மைப் பணிக்கிறார் என்று ஒருவர் உள்ளத்தில் பெறும் உறுதியைக் குறிக்கிறது. அவ்வுறுதியைச் சபை சோதித்து ஏற்கவேண்டும் என்பது பொதுவான நெறியாயினும், அது முதலில் வந்து சேர்வது ஒருவரிடமே. அழைப்பைக் கேட்டவருக்குப் பிரிவின் வலியோடு, அந்த வலியைத் தாங்குவதற்கான காரணமும் கூடவே கிடைத்துவிடுகிறது. போன இடத்தின் புதிய மொழியும் புதிய வேலையும் அவருடைய நாள்களை நிரப்பிவிடுகின்றன. வீட்டில் இருப்பவருக்கோ அதே அறைகள், அதே அடுப்படி, அதே மாலைநேரம். அவற்றுள் ஒருவர் மட்டும் இல்லை. தாம் கேளாத ஓர் அழைப்புக்குத் தாமும் கீழ்ப்படிய வேண்டியவர்களாக அவர்கள் ஆகிறார்கள். இந்த ஏற்றத்தாழ்வை ஒத்துக்கொள்ளாமல் செய்யப்படும் பிரியாவிடை, எவ்வளவு பாடல்களோடு நடந்தாலும், ஓர் அறிவிப்பாகவே நின்றுவிடும்.

கேட்பதற்கும் அறிவிப்பதற்கும் உள்ள இந்த வேறுபாட்டைக் காட்ட, அமெரிக்கப் புராட்டஸ்தாந்து மறைப்பணியின் தொடக்கக் காலத்தை விடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. அயல்நாடுகளுக்கு ஊழியரை அனுப்புவதற்காக அமெரிக்காவில் உருவான முதல் அமைப்பு 1810இல் தோன்றிய அமெரிக்க ஆணையர் வாரியம் ஆகும். பின்னாளில் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க இலங்கை மிஷனை நடத்தி, 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவியதும் இதே வாரியமே என்பதால், தமிழ் வாசகருக்கு இது அந்நியமான கதையன்று. அந்த வாரியத்தின் முதல் ஊழியருள் ஒருவராக இருந்த அதோனிராம் ஜட்சன், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் பிராட்ஃபோர்டு ஊரைச் சேர்ந்த ஆன் ஹாசல்டைனை மணக்க விரும்பியபோது, அவருடைய தந்தை ஜான் ஹாசல்டைனுக்கு ஒரு மடல் எழுதினார். மகளை அடுத்த இளவேனிலில் பிரிந்து, இவ்வுலகில் மீண்டும் காணாதிருக்க இசைவீர்களா என்று அம்மடல் நேரடியாகவே கேட்டது. கடலின் ஆபத்தையும் இந்தியாவின் வெப்பத்தையும் வறுமையையும் அவமதிப்பையும் துன்புறுத்தலையும், கொடிய சாவு நேரக்கூடும் என்பதையும் அது ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைத்தது. பெண் கேட்கும் மடலில் மணமகன் தன் வீட்டையும் வருவாயையும் பற்றி எழுதுவதே உலக வழக்கமாயிருக்க, இவர் தம்மால் நேரக்கூடிய இழப்புகளின் கணக்கை முன்வைத்துவிட்டு அதன்பின் இசைவைக் கேட்டார். தந்தை முடிவை மகளிடமே விட்டுவிட்டார் என்று ஜட்சனின் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர்.

ஜட்சனின் மடல் இரண்டு நூற்றாண்டுகளாக வீரத்துக்கு எடுத்துக்காட்டாகவே மேற்கோளாக்கப்பட்டு வருகிறது. அதன் உண்மையான பெருமை வேறிடத்தில் இருப்பதாகவே இம்மடல் கருதுகிறது. ஜட்சன் எழுதியது எதையும் மறைக்கவில்லை. பார்த்துக்கொள்ளலாம், எல்லாம் நன்றாகவே நடக்கும் என்ற ஆறுதல்களால் தந்தையின் அச்சத்தை மூடவில்லை. இசைவு கிடைத்தது என்று வைத்துக்கொண்டு எழுதப்படவுமில்லை. மறுக்கும் உரிமை உடைய ஒருவரிடம் கேட்பது போலவே அது கேட்டது.

அதே ஜட்சன் தம் சொந்த வீட்டில் நடந்துகொண்ட விதம் வேறு. போஸ்டன் நகரத்தின் பெரிய சபையொன்றில் துணைப் போதகராகும் வாய்ப்பு அவருக்கு வந்தபோது, மகன் வீட்டுக்கு அருகிலேயே இருப்பான் என்று தாய் மகிழ்ந்தார். போஸ்டனில் தாம் வாழப்போவதில்லை, அதைவிட வெகுதொலைவு போகவேண்டியிருக்கிறது என்று மகன் மறுமொழி கூறினார். தாயும் தங்கையும் அழுதனர் என்று அவ்வரலாறு பதிவுசெய்கிறது. மாமனாராக வரவிருந்தவரிடம் கேட்டவர், தாயிடம் அறிவித்தார். அயலாரின் இசைவைக் கேட்டுப் பெறவேண்டும் என்பது எளிதில் தோன்றுகிறது. தாயின் இசைவோ வீட்டுத் திண்ணையைப் போல எப்போதும் அங்கேயே இருக்கும் என்று எண்ணப்படுகிறது. இது ஜட்சனுக்கு மட்டும் உரிய குறையன்று.

1812 பிப்ரவரி 5ஆம் நாள் ஜட்சனும் ஆனும் மணந்துகொண்டனர். மறுநாள் சேலம் நகரத்தின் டேபர்னக்கிள் ஆலயத்தில் ஐந்து இளைஞர்கள் ஊழியத்துக்கு அபிஷேகம் பெற்றனர். 19ஆம் நாள் 'காரவன்' என்னும் பாய்மரக் கப்பல் அத்துறைமுகத்திலிருந்து கல்கத்தாவை நோக்கிப் புறப்பட்டது. அக்கப்பலில் சாமுவேல் நியூவெலும் அவருடைய மனைவி ஹாரியட் அட்வுட்டும் இருந்தனர். ஹாரியட்டுக்கு அப்போது வயது 18. அவருடைய தாய் கணவரை இழந்தவர். அதே ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், கடலில் பிறந்து சில நாளே வாழ்ந்த குழந்தையைத் தொடர்ந்து, ஹாரியட்டும் மொரீசியஸ் தீவில் இறந்தார். அவருடைய நாட்குறிப்பும் மடல்களும் விரைவில் அச்சேறி, அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பலமுறை பதிப்பிக்கப்பட்டு, அடுத்த தலைமுறையின் இளம் பெண்கள் பலரை ஊழியத்துக்கு ஈர்த்தன. ஹேவரில் ஊரில் இருந்த தாய், மகளுக்கு இசைவளித்தவர் என்ற ஒரே நிலையில்தான் அந்நூலின் வாசகருக்கு அறிமுகமாகிறார்.

ஆன் ஜட்சன் உடல்நலம் குன்றியதால் 1822இல் தாயகம் திரும்பி, பிறந்த வீட்டாரைக் கண்டு, 1823இல் இரண்டாம் முறை விடைபெற்று, ஜட்சன் ஊழியம் செய்துவந்த பர்மாவுக்குக் கப்பலேறினார். 1826 அக்டோபரில் அங்கேயே இறந்தார். ஜட்சனின் தந்தை 1826இலும் தாய் 1842இலும் இறந்தனர். ஜட்சன் அமெரிக்க மண்ணை மறுபடியும் மிதித்தது 1845இல். 33 ஆண்டுகளுக்குப்பின் வந்திறங்கியவரை வரவேற்கப் பெருங்கூட்டம் திரண்டது. போஸ்டன் வீட்டுக்கு அருகில் இருக்கிறது என்று சொல்லி மகிழ்ந்தவர் அக்கூட்டத்தில் இல்லை.

மறைப்பணி நூல்கள் பெரும்பாலும் புறப்பட்டவர்களின் கையெழுத்திலிருந்து உருவானவை என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும். பின்னாளில் சீன உள்நாட்டு மிஷனை நிறுவிய ஹட்சன் டெய்லர், 1853 செப்டம்பர் 19ஆம் நாள் லிவர்பூல் துறைமுகத்திலிருந்து 'டம்ஃப்ரீஸ்' என்ற கப்பலில் சீனாவுக்குப் புறப்பட்டார். தாய் கப்பலுக்குள் வந்து, மகன் பல மாதங்கள் உறங்கவிருந்த சிறு படுக்கையைத் தம் கையால் தடவிச் சரிசெய்தார். உடனமர்ந்து பாடினார், ஜெபித்தார். மகனுக்காகத் தம் அழுகையை அடக்கிக்கொண்டார். கப்பல் துறைமுக வாயிலைக் கடந்து பிரிவு உறுதியானபோது அவரிடமிருந்து எழுந்த ஓலம் கத்தியைப் போலத் தம்மை ஊடுருவியதாக டெய்லர் தம் நினைவுநூலில் எழுதினார். கடவுள் உலகின்மேல் எவ்வளவு அன்புகூர்ந்தார் என்பதைத் தாம் அப்போதுதான் முழுமையாக அறிந்ததாகவும், தம் தாயும் அந்த ஒரு மணிநேரத்தில் அதை முன்னெப்போதையும்விட மிகுதியாகக் கற்றிருப்பார் என்றும் அவர் மேலும் எழுதினார்.

டெய்லரின் அன்பை ஐயுறுவதற்கு இதில் இடமில்லை. அந்த ஓலத்தை வாழ்நாள் முழுவதும் மறவாதவர் அவர். ஆயினும் அதன் பொருள் இன்னதென்று கூறியவர் மகனே, தாய் அல்லர். கரையில் நின்ற பெண் அந்த மணிநேரத்தில் எதைக் கற்றார் என்பதை அவருடைய வாயால் கேட்கும் வாய்ப்பு வாசகருக்குக் கிடைக்கவில்லை. புறப்படுகிறவர் செய்யக்கூடிய தீங்குகளுள், பிறர் கண்ணீருக்குத் தாமே விளக்கம் எழுதிவிடுவது மிக நுண்ணியது. 'அம்மா அழுதாலும் உள்ளுக்குள் சமாதானமாகத்தான் இருக்கிறார்கள்' என்று ஜெபக் கடிதத்தில் எழுதப்படும் வரி அவ்வகையைச் சேர்ந்தது. அந்த அம்மாவிடம் காட்டி, எழுதலாமா என்று கேட்டபின் எழுதப்பட்டிருந்தாலன்றி அதை எழுதாமலிருப்பதே மேல்.

இதற்கு எதிராக வேத வசனம் ஒன்று எப்போதும் முன்வைக்கப்படும். லூக்கா நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில், வீட்டாரிடம் விடைபெற்றுவர அனுமதி கேட்ட ஒருவருக்கு, கலப்பையில் கைவைத்துப் பின்னோக்கிப் பார்க்கிறவரைக் குறித்த கடுமையான மறுமொழி கிடைக்கிறது. இதைக் காட்டி, பிரியாவிடைக்கு நேரம் ஒதுக்குவதே விசுவாசக் குறைவு என்று பேசுவோர் உண்டு. அம்மறுமொழியில் வரும் கலப்பையோ பழைய ஏற்பாட்டின் எலிசாவை நினைவூட்டுவது. பன்னிரண்டு ஏர் பூட்டிய வயலில் கடைசி ஏரை ஓட்டிக்கொண்டிருந்த எலிசாவின்மேல் எலியா தம் சால்வையைப் போட்டபோது, தாய் தந்தையரை முத்தமிட்டு வருவதற்கு அவர் அனுமதி கேட்டார், எலியா தடுக்கவில்லை. எலிசா திரும்பிச் சென்று, ஓர் ஏர் மாடுகளை அடித்து, அந்த ஏரின் மரத்தாலேயே இறைச்சியைச் சமைத்து, மக்களுக்குப் பரிமாறிவிட்டுப் புறப்பட்டார். ஏரையே விறகாக்கியவர் திரும்பிப் பார்க்கும் எண்ணத்தோடு வீட்டுக்குப் போனவர் அல்லர். இவ்விரு பகுதிகளையும் சேர்த்துப் படித்தால், லூக்காவில் கண்டிக்கப்படுவது காலந்தாழ்த்தும் மனம் என்றும், முத்தமிட்டு வருவது அன்று என்றும் கொள்வதே பொருத்தமாகும்.

இன்னொரு பகுதி இதைவிட நேரடியானது. ஊழியத்துக்குப் புறப்படுவோர் கூட்டங்களில் அது அரிதாகவே வாசிக்கப்படுகிறது. மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் 'கொர்பான்' என்ற சொல் வருகிறது. கடவுளுக்குக் காணிக்கையாக நேர்ந்துவிடப்பட்டது என்பது அதன் பொருள். பெற்றோருக்கு உதவவேண்டிய பொருளைக் கொர்பான் என்று அறிவித்துவிட்டால், அதன்பின் அவர்களுக்குக் கடமையில்லை என்று கூறிய வழக்கத்தை இயேசு கடுமையாகச் சாடுகிறார். பொருளைக் குறித்து அங்கே சொல்லப்பட்டது ஆளைக் குறித்தும் பொருந்தாதா என்று சபைகள் சிந்திக்கவேண்டும். ஒரு மகனோ மகளோ தன்னையே கொர்பான் ஆக்கிக்கொண்டு, முதிய பெற்றோரின் கேள்விகளுக்கு 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று மட்டும் மறுமொழி சொல்லிப் போவது, அவ்வழக்கத்திலிருந்து வெகுதொலைவில் இல்லை. சிலுவையில் தொங்கிக்கொண்டிருந்தபோதும், தம் தாயை இன்ன சீடர் தம் வீட்டில் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று ஏற்பாடு செய்த ஒருவரைப் பின்பற்றிச் செல்வோருக்கு இதை நீளமாக விளக்கத் தேவையில்லை.

கண்ணீரைக் குறித்தும் அதே வேதத்தில் சான்று உண்டு. எபேசு சபையின் மூப்பர்களை மிலேத்து துறையில் பிரிந்தபோது அவர்கள் பவுலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். இனி முகத்தைக் காணப்போவதில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னதே அவர்களை மிகவும் வருத்தியது என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. தீரு பட்டணத்திலோ ஆண்கள் மட்டுமன்றி மனைவியரும் பிள்ளைகளும் ஊருக்கு வெளியே கடற்கரை வரை வந்து, அங்கேயே முழங்காற்படியிட்டு ஜெபித்தபின் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். அங்கே எவரும் எவருடைய அழுகையையும் அடக்கச் சொல்லவில்லை.

தமிழ் இலக்கணமரபு இப்பொருளை நுட்பமாக ஆராய்ந்திருக்கிறது. தலைவன் பொருளுக்காகவோ தூதுக்காகவோ புறப்படும்போது இடையில் தயங்கி நிற்பதைச் 'செலவழுங்கல்' என்பர். செலவு என்பது பயணம், அழுங்கல் என்பது தவிர்த்து நிற்றல். அந்தத் தயக்கம் போகாமலேயே விட்டுவிடுதல் அன்று, இருப்பவளை வற்புறுத்துவதற்காகவே அவன் நிற்கிறான் என்று தொல்காப்பியக் கற்பியல் விளக்கம் தருகிறது. இங்கே வற்புறுத்தல் என்பதன் பொருள் இக்காலத்துக் கட்டாயப்படுத்தல் அன்று. வலிமை உண்டாகச் செய்தல், ஆற்றியிருக்கும்படி தேற்றுதல் என்பதே. பயணம் உறுதியாகிவிட்டது, ஆனாலும் அது சில நாள் நிற்கிறது. நிற்பது புறப்படுகிறவருக்காக அன்று. அயல்நாட்டு ஊழியத்தைப் பற்றி எதுவும் அறியாத ஒரு நூல் அப்புறப்பாட்டுக்கு இவ்வளவு பொருத்தமான சொல்லை வைத்திருப்பது, தமிழ்ச் சபைகள் பயன்படுத்திக்கொள்ளவேண்டிய செல்வமாகும்.

அப்படி நின்று சென்ற ஒருவரின் கல்லறை திருநெல்வேலிச் சீமையிலேயே இருக்கிறது. அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல், 1892 ஜனவரியில், தமக்கு 24 வயதானபோது, அழைப்பு வந்ததென்று தாய்க்கு எழுதினார். தாய் கணவரை இழந்தவர். ஏழு பிள்ளைகளுள் ஏமி மூத்தவர். இவ்வளவு காலமும் மகள் தமக்கு இரவலாகவே தரப்பட்டிருந்தாள் என்ற பொருளில் தாய் மறுமொழி எழுதி இசைவளித்தார். ஆனால் விடை கொடுக்கவேண்டியவர் இன்னொருவரும் இருந்தார். மனைவியையும் மகளையும் சாவில் இழந்து, ஏமியைத் தம் மகளாகவே வீட்டில் வைத்திருந்த முதியவர் ராபர்ட் வில்சனுக்கு அந்தப் பிரிவு முதுமையில் நேர்ந்த மூன்றாம் இழப்பு. ஏமியின் மடல்களில் அவரைப் பற்றிய வேதனை திரும்பத் திரும்ப வருகிறது. 1893இல் ஏமி ஜப்பானுக்குச் சென்று, உடல்நலம் கெட்டு 1894இல் திரும்பி வந்தபோது, இனி இங்கேயே இருப்பாள் என்று முதியவர் நம்பியிருக்கக்கூடும். 1895 அக்டோபரில் அவர் மறுபடியும் விடை கொடுக்க நேர்ந்தது. வில்சன் 1905இல் இறந்தார். ஏமி தாயகம் திரும்பவேயில்லை. டோனாவூரில் 1951இல் இறக்கும் வரை 55 ஆண்டுகள் இந்தியாவிலேயே வாழ்ந்தார். தாயோ 1904இல் தாமே கடல் கடந்து டோனாவூருக்கு வந்து, மகளின் வீட்டில் தங்கி, அங்கு வளர்ந்த குழந்தைகளுக்குப் பாட்டியாக இருந்துவிட்டுச் சென்றார். மகளின் வேலையைக் கண்ணால் பார்த்தவராக அவர் ஊர் திரும்பினார் என்பது, புறப்படும் ஒவ்வொருவரும் குறித்துக்கொள்ளவேண்டிய செய்தி. பெற்றோர் ஒருமுறையேனும் வந்து பார்ப்பதற்கான பயணச்செலவை ஆதரவுத்தொகைக் கணக்கில் முதலிலேயே சேர்ப்பது ஆடம்பரமன்று.

இன்று நிலைமை மாறிவிட்டது, கைபேசியில் முகம் பார்த்துப் பேசலாம் என்று கூறப்படும். கல்கத்தாவிலிருந்து மடல் வர மாதக்கணக்கில் காத்திருந்த ஹேவரில் ஊர்த் தாயை எண்ணிப் பார்த்தால் அது பெரும் ஆறுதல்தான். ஆனால் அமெரிக்கக் குடும்ப உளவியல் ஆய்வாளர் பாலின் பாஸ் 1970களில் வகுத்த ஒரு கருத்து இங்கே உதவும். ஒருவர் உடலால் இல்லாமலும் உள்ளத்தில் எப்போதும் இருந்துகொண்டும் இருக்கும் நிலையை அவர் 'தெளிவற்ற இழப்பு' என்று அழைத்தார். சாவுக்கு அடக்க ஆராதனை உண்டு, துக்கம் கேட்க வருவோர் உண்டு, நாள் குறித்து முடியும் சடங்குகள் உண்டு. இத்தகைய இழப்புக்கு அவை எதுவுமில்லை, அதனால் துயரம் முடிவுபெறாமல் உறைந்து நிற்கிறது என்பது அவர் கண்டது. அயல்நாட்டிலுள்ள மகளின் முகம் திரையில் தெரிகிறது, காய்ச்சலில் நெற்றியைத் தொட்டுப் பார்க்க முடிவதில்லை. பேரப்பிள்ளையின் சிரிப்புக் கேட்கிறது, அவனைத் தூக்க முடிவதில்லை. 'மகள் நல்ல இடத்தில் இருக்கிறாள், அடிக்கடி பேசுகிறாள், உங்களுக்கு என்ன குறை' என்று அயலார் கேட்கும்போது, அந்தத் தாய்க்குத் தம் துயரத்தைத் துயரம் என்று சொல்லும் உரிமையும் போய்விடுகிறது. புறப்படுகிறவர் அதைத் துயரம் என்று பெயரிட்டு, தம் வாயாலேயே ஒருமுறை சொல்லிவிட்டால், தாய்க்கு அந்த உரிமை திரும்பக் கிடைக்கிறது.

நாடுவிட்டு நாடு செல்லும் குடும்பங்களை ஆராய்ந்த டேவிட் பொல்லாக், விடைபெறுதலை நான்கு மரங்கள் சேர்த்துக் கட்டிய தெப்பத்துக்கு ஒப்பிட்டார்: மனத்தாங்கல் உள்ளவரோடு ஒப்புரவாதல், உறவினருக்கும் நண்பருக்கும் தமக்குள்ள அன்பையும் நன்றியையும் வாயால் சொல்லுதல், ஆள்களிடம் மட்டுமன்றி இடங்களிடமும் பொருள்களிடமும் விடைபெறுதல், போய்ச்சேரும் இடத்தை உண்மையாக எண்ணிப் பார்த்தல். இவற்றுள் முதலாவதே கடினமானது, தமிழ்க் குடும்பங்களில் மிகுதியாகத் தள்ளிப்போடப்படுவதும் அதுவே. பங்காளிச் சண்டையும் பாகப்பிரிவினையும் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோனதும், கடல் கடந்தால் தாமாகக் கரைந்துவிடும் என்ற எண்ணம் பொதுவானது. அவை கரைவதில்லை. பேசாத சித்தப்பாவின் சாவுச் செய்தி ஆப்பிரிக்காவின் ஏதோ ஓர் ஊரில் நள்ளிரவில் வந்துசேரும்போது, அந்த ஊழியரால் யாரிடம் மன்னிப்புக் கேட்க முடியும்?

பணம், நோய், முதுமை ஆகியவற்றைப் பற்றிய பேச்சும் பிரியாவிடையின் பகுதியே. தந்தைக்கு நெஞ்சுவலி வந்தால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது யார், அங்கே கையெழுத்திடுவது யார், தங்கையின் திருமணச் செலவில் உங்கள் பங்கு என்ன, வீட்டுக் கடனின் தவணை யாருடைய கணக்கிலிருந்து போகும், பெற்றோர் இறந்தால் அடக்கத்துக்கு வர முடியுமா, வர முடியாவிட்டால் காத்திருக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவைக்கப்படுமா என்ற கேள்விகள் ஆவிக்குரியவை அல்ல என்று ஒதுக்கப்படுகின்றன. அவற்றை யாரும் கேட்காதபோது, பெற்றோருக்கு அருகில் குடியிருக்கும் அண்ணனோ அக்காவோ, ஒருவரும் அவரைக் கலந்துகொள்ளாமலே, அவை அனைத்துக்கும் விடையாக ஆகிவிடுகிறார். அயல்நாட்டு ஊழியத்தின் சுமையில் பாதியைத் தூக்குகிறவர் பலநேரங்களில் அவரே. அர்ப்பணிப்பு ஆராதனையில் அவர் தலைமேலும் யாரேனும் கைவைத்து ஜெபித்திருக்கவேண்டும்.

குடும்பத்தார் அனைவரும் ஒரே விசுவாசத்தில் இருப்பர் என்றும் கொள்ளமுடியாது. வேறு சமயத்தைச் சேர்ந்த பெற்றோருக்கு அழைப்பு என்ற சொல்லே பொருளற்றது. பிள்ளை தங்களை விட்டுவிட்டுப் போகிறது என்பதே அவர்கள் அறிந்த உண்மை. அவர்களிடம் இறையியல் பேசி வெல்ல முயல்வது பயன்தராது. அவர்கள் கோபத்தை எதிர்ப்பு என்று பெயரிடாமல், அதற்குள் இருக்கும் அன்பை அடையாளம் கண்டு, மறுமொழி சொல்லாமல் கேட்டிருப்பதே அவர்களுக்குச் செய்யக்கூடிய மரியாதை. இசைவு வராமலும் போகலாம். ஒருவர் இசைவின்றியே புறப்பட நேரலாம். அப்போதும் கேட்டு மறுக்கப்பட்டுப் போவதற்கும் கேளாமலே போவதற்கும் உள்ள தொலைவை அவர்கள் அறிவார்கள்.

பிள்ளைகளைக் குறித்து ஒன்று. முந்தைய நூற்றாண்டுகளின் ஊழியர் பலர் தம் பிள்ளைகளைப் படிப்புக்காகத் தாயகத்தில் விட்டுவிட்டுத் திரும்பினர். பின்னாளில் வேலூரில் பெரும் மருத்துவமனையை உருவாக்கிய ஐடா ஸ்கடர், பெற்றோர் இந்தியாவில் இருக்க, சிகாகோவில் உறவினரோடு விடப்பட்டு வளர்ந்தவர். மிஷனரியாக மட்டும் ஆகக்கூடாது என்று இளமையில் அவர் உறுதிகொண்டிருந்தார் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். இன்று பிள்ளைகள் உடன் செல்கிறார்கள். அவர்கள் இழப்பது தாத்தா பாட்டியை. சிறுவர்கள் பெரியவர்களைப் போலச் சொற்களால் விடைபெறுவதில்லை. நாய்க்குட்டியிடமும் கொய்யா மரத்திடமும் பள்ளி நண்பனின் மிதிவண்டியிடமும் அவர்கள் விடைபெற வேண்டியிருக்கிறது; அதற்கு அவர்களுக்கு நாள் வேண்டும்.

பாரிஸ் நகரத்தின் வெளிநாட்டு மறைபரப்புச் சபையில், புதுச்சேரிக்கும் கொரியாவுக்கும் வியட்நாமுக்கும் குருக்களை அனுப்பிய அச்சபையில், 19ஆம் நூற்றாண்டில் உருக்கமான ஒரு சடங்கு இருந்தது. புறப்படும் இளம் குருக்கள் பலிபீடத்தின்முன் வரிசையாக நிற்க, வந்திருந்தோர் ஒவ்வொருவராகச் சென்று அவர்கள் பாதங்களை முத்தமிட்டனர். 1868இல் சார்ல் தெ குபெர்த்தேன் வரைந்த ஓவியம் அக்காட்சியைக் காட்டுகிறது. அதில் ஓவியரின் சொந்தப் பிள்ளைகளும் இடம்பெறுகின்றனர். நற்செய்தி அறிவிப்போரின் பாதங்கள் அழகானவை என்ற வேத வாக்கிலிருந்து வந்த வழக்கம் அது. அதன் அழகை மறுப்பதற்கில்லை. ஆயினும் தமிழ் வழக்கம் இதற்கு நேர்மாறானது: நெடும்பயணம் புறப்படுகிறவரே குனிகிறார், இருப்பவரே ஆசி தருகிறார். தமிழ்ச் சபைகளின் அர்ப்பணிப்பு ஆராதனையில் போதகரின் கைகளுக்கு முன் தாய் தந்தையரின் கைகள் அந்தத் தலைமேல் வைக்கப்படுமானால், அவர்கள் விரும்பினால் பேசவும், விரும்பாவிட்டால் பேசாதிருக்கவும் இடம் தரப்படுமானால், விடை என்ற சொல் தன் முழுப்பொருளையும் அடையும்.

இந்திய விமான நிலையங்களில் பயணச்சீட்டு இல்லாதவர் பொதுவாக முனையத்துக்குள் அனுமதிக்கப்படுவதில்லை. வாசலில் வண்டி நிற்கும் சில நிமிடங்களில், பெட்டிகளை இறக்குவதற்கும் கடவுச்சீட்டைத் தேடுவதற்கும் இடையில், விடைபெறுதல் நடந்துமுடிந்துவிடுகிறது. எனவே அதை வீட்டிலேயே, முந்தைய நாளிலேயே, கடிகாரத்தைப் பாராமல் செய்யவேண்டும். தமிழர் 'போகிறேன்' என்று சொல்வதில்லை, 'போய்வருகிறேன்' என்றே சொல்வர். இருப்பவரும் 'போய்வா' என்பர். அந்தச் சொல் வழக்கத்தால் வாயில் வரும், வரட்டும். ஆனால் அடுத்த வருகை எந்த ஆண்டில் என்பது அந்தத் தாய்க்கு முன்பே தெரிந்திருக்கட்டும்; தெரியாது என்பதே உண்மையானால், அதுவும் அவருக்கு முன்பே தெரிந்திருக்கட்டும்.